வினையெச்சம் உங்கள் கைவசம்

அன்பு வாசகர்களுக்கு,

ஜப்பானிய மொழி படிக்கும் இளைய வாசகர்களின் கடிதங்கள் இப்போது அடிக்கடி வருகின்றன. 2019-இல் திறன் தொழிலாளர்களுக்கென ஜப்பான் புதிய விசா கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் இந்தியாவோடு அதற்கான ஒப்பந்தமும் கையெழுத்தானது. முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளுக்குப் போக விரும்புவோர் ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியில் என்4 நிலையையோ அதற்கு ஈடான தேர்வையோ தாண்டவேண்டும். கடிதம் எழுதுகிறவர்களில் பலருக்கும் குறை ஒன்றுதான்: "எழுத்து பழகிவிட்டது, வினைச்சொல்தான் மனதில் நிற்க மாட்டேன் என்கிறது."

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று நம் வினை ஆளுக்கு ஆள் வால் மாற்றிக்கொள்ளும். ஜப்பானியத்தில் அது கிடையாது. யார் வந்தாலும் 'கிமஷ்தா'தான். எதிர்காலத்துக்கென்று தனி வடிவமும் இல்லை. 'தபெமஸ்' என்றால் சாப்பிடுகிறேன், சாப்பிடுவேன் இரண்டும். 'தபெமஷ்தா' சாப்பிட்டேன், 'தபெமசென்' சாப்பிடமாட்டேன். வினைகளில் மூன்று கூட்டம் உண்டு. அவற்றில் நிஜமாகவே முரண்டு பிடிப்பவை 'குரு' (வா), 'சுரு' (செய்) என இரண்டே. மற்ற கூட்டங்களில் சில்லறை விதிவிலக்குகள்தான். அந்த 'சுரு'வும் நமக்குத் தெரிந்த ஆள் மாதிரிதான். நாம் ஃபோன் பண்ணுகிறோம், காப்பி பண்ணுகிறோம். அவர்கள் 'தென்வா சுரு', 'கொப்பீ சுரு' என்கிறார்கள். பெயர்ச்சொல்லோடு 'சுரு'வைச் சேர்த்தால் நூற்றுக்கணக்கான வினைகள் கிடைக்கும்.

படிப்பவர்களுக்கு மூச்சு வாங்குவது 'தெ' வடிவத்தில். 'மின்னா நோ நிஹோங்கோ' பாடநூலில் 14-ஆம் பாடத்தில் வரும் சங்கதி இது. ககு (எழுது) 'கைதெ' ஆகிறது. ஹநசு (பேசு) 'ஹநஷிதெ' ஆகிறது. மத்சு (காத்திரு) 'மத்தெ' ஆகிறது. நொமு (குடி) 'நொந்தெ' ஆகிறது. இந்த விதிகளைப் பாட்டு மெட்டில் போட்டுப் படிப்பது ஜப்பானிய வகுப்புகளில் வழக்கம். தமிழருக்குப் பாதி பாட்டு போதும். 'நொந்தெ'யில் தகரம் மெலிந்து ஒலிக்கவேண்டும் என்பது அங்கே ஒரு விதி. 'வந்து', 'தந்து' என்னும்போது நம் நாக்கு அதைத்தானே செய்கிறது!

இந்தத் 'தெ' வடிவம் வேறொன்றுமில்லை, நம் வினையெச்சம்தான். வா, வந்து ஆகிறது. போ, போய் ஆகிறது. கேள், கேட்டு ஆகிறது. இதை யாரும் அட்டவணை போட்டு நமக்குக் கற்றுத்தரவில்லை. வினையெச்சத்துக்குப் பின்னால் இன்னொரு வினையைத் தொங்கவிட்டுப் புதுப்பொருள் காட்டும் வித்தையும் இரண்டு மொழிகளுக்கும் பொது. 'தபெதெ மிரு' என்பது சொல்லுக்குச் சொல் 'சாப்பிட்டுப் பார்'. 'கத்தெ ஒகு' என்றால் 'வாங்கி வை'. 'தபெதெ ஷிமவு' என்றால் 'சாப்பிட்டுவிடு'. வந்திருக்கிறார் என்பதற்குக் 'கிதெ இரு' என்பார்கள். அந்த 'இரு' ஒலியிலும் நம் 'இரு'வாக அமைந்தது படிப்பவருக்கு அதிர்ஷ்டம். வீட்டைவிட்டுக் கிளம்பும் ஜப்பானியர் 'இத்தெகிமஸ்' என்கிறார். நம் வாசற்படியில் அது 'போயிட்டு வர்றேன்'.

தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று பேராசிரியர் சுசுமு ஓனோ நெடுங்காலம் வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வழக்கு எப்படி முடிந்தாலும் மாணவருக்கு நட்டமில்லை. வாக்கிய அமைப்பில் உள்ள ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தமிழ் காலை வாரிவிடும் இடங்களும் உண்டு. நமக்கு மேசையும் இருக்கும், பாட்டியும் இருப்பார். அங்கே உயிருள்ளவற்றுக்கு 'இரு', உயிரற்றவற்றுக்கு 'அரு'. யாராவது கூப்பிட்டால் "இதோ வர்றேன்" என்போம். ஜப்பானியர் "இமா இகிமஸ்", அதாவது 'இப்போது போகிறேன்' என்பார். அந்த இடத்தில் 'கிமஸ்' போட்டால் தவறு. எனக்கு ஒருவர் தருவது 'குரெரு', நான் ஒருவருக்குக் கொடுப்பது 'அகெரு'. இந்தப் பாகுபாடு நமக்கு முற்றிலும் புதிதல்ல. தன்மைக்கும் முன்னிலைக்கும் 'தா', படர்க்கைக்குக் 'கொடு' என்று தொல்காப்பியம் பிரித்துச் சொல்லியிருக்கிறது. பேச்சில் நாம்தான் அதைத் தளரவிட்டோம்.

சரி, மறக்காமல் இருக்க என்ன வழி? வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள்; அதற்குரிய பெயரோடு சேர்த்துப் பிடியுங்கள். நாம் சேலை கட்டுகிறோம், சட்டை போடுகிறோம், பூ வைக்கிறோம். அவர்கள் சட்டைக்குக் 'கிரு', கால்சட்டைக்கும் காலணிக்கும் 'ஹகு', தொப்பிக்குக் 'கபுரு', கண்ணாடிக்குக் 'ககெரு' என்பார்கள். நாம் போடுகிற மாத்திரையை அவர்கள் குடிக்கிறார்கள்: 'குசுரி ஓ நொமு'. பெயர் கூட இருந்தால் குழப்பமும் தீரும். 'யொந்தெ' என்பது 'படித்து' என்றும் பொருள்படும், 'அழைத்து' என்றும் பொருள்படும். முன்னால் இருப்பது புத்தகமா மருத்துவரா என்பதே தெளிவாக்கும். இந்தப் பக்கத்தில் தமிழெழுத்தில் எழுதியிருப்பது அறிமுகத்துக்கு மட்டுமே. வல்லோசையையும் மெல்லோசையையும் நம் எழுத்து பிரித்துக் காட்டாது. உங்கள் குறிப்பேட்டில் ஜப்பானிய எழுத்தான ஹிராகனாவில் எழுதுங்கள்.

அடுத்தது இடைவெளி. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதைத் தன்னையே சோதித்து எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் எழுதினார். ஒரே இரவில் நூறு முறை சொல்வதைவிட, நாள் தள்ளி நாள் தள்ளித் திரும்பப் பார்ப்பது நிற்கும். இன்று பலரும் கைபேசியில் வைத்திருக்கும் 'அன்கி' செயலி அந்த அடிப்படையில் செயல்படுவது. ஜப்பானியத்தில் 'அன்கி' என்றால் மனப்பாடம் என்றே பொருள்.

தவறு வந்தால் மனம் தளர்ந்துவிடாதீர்கள். இன்றைய பொதுவழக்கில் 'நு'வில் முடியும் வினை 'ஷினு' (சாவு) ஒன்றே. அதன் 'ஷிந்தெ'யைக் கேட்ட ஜப்பானியக் குழந்தைகள், 'நொந்தெ'க்கு 'நொமு' என்றால் 'ஷிந்தெ'க்கு 'ஷிமு' என்று தாமாகவே ஒரு வினையைப் படைத்துவிடுவது உண்டு. விதியைப் பிடித்துக்கொண்ட பிள்ளைதான் அப்படித் தவறும். உங்கள் தவறுகளிலும் அப்படி ஒரு விதி ஒளிந்திருக்கலாம், தேடிப் பாருங்கள்.

காலையில் எழுவது முதல் இரவு படுப்பது வரை உங்கள் ஒருநாளுக்கு வேண்டிய இருபது வினைகளைப் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொன்றையும் 'தெ' வடிவமாக்கி, 'குதசாய்' சேர்த்து வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். 'உட்காருங்கள்' என்பதற்கு 'சுவத்தெ குதசாய்', 'குடியுங்கள்' என்பதற்கு 'நொந்தெ குதசாய்'. பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் முதல் நாளே பேசவேண்டிய வாக்கியங்கள் இவை. உங்கள் பட்டியலை எங்களுக்கும் அனுப்புங்கள். நல்லவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்