சுற்றினால் போதுமா?

கைக்குள் அடங்குகிற ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே நடுவில் வட்டத் தகடு, சுற்றிலும் முப்பது மெல்லிய கம்பிகள். நானூறு வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் ஒரே ஒரு கம்பி நுனியில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் நியான் பொட்டு. பெயர் டெக்கட்ரான். 1950-களில் அணு ஆய்வுக்கூடங்களில் கதிரியக்கத் துகள்களை எண்ணிக்கொண்டிருந்தது. டிரான்சிஸ்டரும் சிப்பும் வந்ததும் பரணுக்குப் போய்விட்டது.

இங்கிலாந்து, அமெரிக்கா என்று பல ஊர்களில் சில ஆர்வலர்கள் இதைப் பரணிலிருந்து இறக்கி, ஓட்டுவதற்கான சர்க்யூட்டை வீட்டு மேசையில் கட்டுகிறார்கள். 'இது எதற்கய்யா?' என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அப்படிப் பார்த்தால் கிரிக்கெட் எதற்கு? என் சண்டை இந்த ஆர்வலர்களோடுதான்.

நிறையப் பேர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பக்கத்தில் மலிவான மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றை வைத்து, எண்ணுகிற வேலையை அதனிடம் கொடுத்துவிடுகிறார்கள். குழாய் சும்மா பளிச் பளிச்சென்று சுற்றுகிறது. சீரியல் பல்பு மாதிரி! மொத்தத்தை வேறு இடத்தில் போட்டு வைத்துக்கொண்டு, லெட்ஜரில் அழகுக்கு எழுதினால் அது கணக்கா?

டெக்கட்ரான் வெறும் விளக்கு அல்ல சார். எண்களைக் காட்டும் நிக்சி குழாய் வேறு, அது அறிவிப்புப் பலகை. இது தானே எண்ணும், எண்ணியதை ஞாபகம் வைத்திருக்கும். முப்பது கம்பிகளில் பத்துதான் எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே இரண்டு வழிகாட்டிகள். முதல் வழிகாட்டியின் வோல்ட்டேஜை இறக்கினால் பொட்டு அங்கே தாவும், பிறகு இரண்டாவதற்கு, அதையும் விட்டால் அடுத்த எண்ணில் போய் உட்காரும். தழையைக் காட்டி ஆட்டைக் கூப்பிடுகிற கதைதான். வரிசையை மாற்றினால் பின்னால் நகரும். கூட்டல், கழித்தல் இரண்டும் ஆச்சு!

பூஜ்யத்துக்குப் பொட்டு வரும்போது அந்தக் கம்பியில் கிடைக்கும் சின்னத் துடிப்பைப் பெருக்கி, அடுத்த குழாய்க்கு இரட்டைத் துடிப்பாக்கித் தரவேண்டும். 'கையில் ஒன்று' என்று பள்ளியில் சொன்னோமே, அது. சர்க்யூட்டில் கஷ்டமான இடமும் இதுதான். பலர் நழுவுவதும் இங்கேதான்.

இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் 1951-ல் ஓடத் தொடங்கிய கணிப்பொறிக்கு இந்தக் குழாய்கள்தான் ஞாபகசக்தி. மொத்தம் 828. ஒரு பெருக்கலுக்கு ஐந்து முதல் பத்து விநாடி, ஆமைதான். ஆனால் சளைக்காமல் போட்டுக்கொண்டே இருந்தது. 2012-ல் பிளெட்ச்லி பார்க் வளாகத்திலுள்ள கணிப்பொறி அருங்காட்சியகத்தில் அதைப் பழுதுபார்த்து மறுபடி ஓடவைத்தார்கள். கணக்கு நடப்பது கண்ணுக்குத் தெரியும். உங்கள் செல்போனில் தெரியுமா?

சும்மா சுற்றவிடுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. நாள்கணக்கில் ஒரே புள்ளியில் நின்ற குழாய் சோம்பிப் போகும். சுற்றவிட்டால் சில சமயம் தேறிவிடும். பிசியோதெரபி! தேறிய பிறகும் நடைப்பயிற்சி மட்டும்தானா? வேலைக்கு அனுப்ப வேண்டாமா?

அடுத்தமுறை யாராவது மினுமினுக்கும் குழாயைப் பெருமையாகக் காட்டினால், அந்தச் சிப்பைக் கழற்றச் சொல்லுங்கள். பத்தாவது துடிப்புக்குப் பக்கத்துக் குழாய் ஒரு படி நகர்கிறதா என்று பாருங்கள். பார்வையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கை வைத்துவிடாதீர்கள்: நானூறு வோல்ட்!