திறந்த வெளியில் ஒரு கொலை: துப்பறியும் நாவலை ஒதுக்குவோருடன் ஒரு வாதம்

துப்பறியும் நாவல் என்றதும் முகஞ்சுளிப்பது கற்றோரிடையே ஒரு தகுதிச் சின்னமாகவே நிலைபெற்றுவிட்டது. புகையிரதப் பயணத்தின்போது அதனை வாசிக்கலாம்; விரிவுரை மண்டபத்தில் அதனைப் பற்றிப் பேசலாகாது என்பது எழுதப்படாத விதி. இவ்விதி புதியதன்று. அமெரிக்க விமர்சகரான எட்மண்ட் வில்சன் 1945 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், துப்பறியும் கதை வாசிப்பைப் புகைபிடித்தலை ஒத்த ஒரு பழக்க அடிமைத்தனமாகவே கருதினார். மூன்று ஆண்டுகளின் பின்னர், 1948 இல், கவிஞர் டபிள்யூ. எச். ஓடன் சற்று நயமாக அதே முடிவிற்கு வந்தார். ஓடனின் கருத்துப்படி இக்கதைகள் நடைபெறுவது ஒரு மூடிய சமூகத்தில். அங்கே மாசற்ற வாழ்வு நிலவுகின்றது. கொலை அதனைக் குலைக்கின்றது. துப்பறிவாளர் குற்றவாளியைக் களைந்ததும் பழைய தூய்மை மீள்கின்றது. ஆகவே இது கலையன்று. வாசகரின் குற்றவுணர்வைத் தணிக்கும் ஒரு சடங்கு.

இவ்வாதங்கள் எழுந்த காலத்தையும், அவை எவ்வகை நாவல்களை மனத்திற்கொண்டு எழுந்தன என்பதையும் மறந்துவிட்டு, முடிவுகளை மாத்திரம் மனப்பாடம் செய்து ஒப்புவிப்போர் இன்றும் உளர். அவர்களுக்கு எதிராகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. அமெரிக்க எழுத்தாளரான நெவாடா பாரின் நாவல்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஓர் இலக்கிய வகையை அதன் பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே தள்ளிவிடுதல் விமர்சனமன்று, சோம்பல் என்பதை நிறுவுதல் இதன் நோக்கமாகும்.

நெவாடா பார் 1952 இற் பிறந்தவர். நாடக மேடையில் நடிகையாகப் பணியாற்றிய பின்னர், அமெரிக்கத் தேசிய பூங்காச் சேவையிற் பருவகாலக் காவலராகத் தொழில் புரிந்தவர். 1993 இல் வெளிவந்த ‘ட்றக் ஒவ் த கற்’ என்னும் நாவலில் அனா பிஜன் என்ற பூங்காக் காவலரை அவர் அறிமுகம் செய்தார். சிறந்த முதல் மர்ம நாவலுக்கான அகதா, அன்ரனி ஆகிய இரு விருதுகளையும் அந்நூல் பெற்றது. 2016 இல் வெளிவந்த ‘போர் ஐலண்ட்’ வரை இவ்வரிசையில் 19 நாவல்கள் வெளிவந்துள்ளன. பெரும்பாலும் ஒவ்வொரு நாவலும் ஒவ்வொரு பூங்காவில் நிகழ்கின்றது. நியூயோர்க் நகரிற் கணவனை விபத்தொன்றிற் பறிகொடுத்த அனா, நகர வாழ்வை உதறிவிட்டு இத்தொழிலுக்கு வந்த நடுவயதுப் பெண். அவர் ஒய்யார இருக்கையிற் சாய்ந்திருந்து மூளையின் ‘சாம்பல் நிற உயிரணுக்களை’ இயக்குபவரல்லர். சட்டத்தை நிலைநாட்டுதல், வழிதவறியோரை மீட்டல், காயமுற்றோருக்கு முதலுதவி அளித்தல், காட்டுத் தீயை அணைத்தல் ஆகிய அனைத்தும் அவரது அன்றாடக் கடமைகள்.

இங்கே நமது விமர்சகர் குறுக்கிட்டு, “இதிற் புதுமை யாது? மாளிகையின் நூலகத்திற் கிடந்த பிணத்தை மலையடிவாரத்திற் கிடத்தியிருக்கிறார், அவ்வளவுதானே! களம் மாறியதாற் கலை மாறிவிடுமா?” என வினவுவார். வினா நியாயமானது. விடை, களம் மாறியபோது அறிதலின் தருக்கமே மாறிவிட்டது என்பதாகும்.

1929 இல் ரொனால்ட் நொக்ஸ் என்ற கத்தோலிக்கக் குரு துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தார். அக்கட்டளைகளின் அடித்தளத்தில் இருந்த நம்பிக்கை ஒன்றே: உலகு எல்லைக்குட்பட்டது; சான்றுகள் எண்ணிமுடியத்தக்கன; வாசகருக்கும் துப்பறிவாளருக்கும் இடையில் நேர்மையான ஆட்டம் சாத்தியமானது. மூடிய வீட்டில் இது பொருந்தும். கதவுகள் எத்தனை, விருந்தினர் எத்தனைபேர், கடிகாரம் எத்தனை மணிக்கு நின்றது என்பன அங்கே கணக்கிடத்தக்கவை. திறந்த வெளியிலோ மழை சுவட்டை அழிக்கின்றது. கழுகும் நரியும் பிணத்தைக் கலைக்கின்றன. வெப்பமும் குளிரும் மரண நேரத்தைக் கணிக்கவொட்டாது தடுக்கின்றன. சான்று என்பது காத்திருக்கும் பொருளன்று. ஒவ்வொரு கணமும் மறைந்துகொண்டிருக்கும் பொருள். எனவே துப்பறிவாளருக்கு வேண்டியது புதிர் விடுவிக்கும் சாதுரியம் மாத்திரமன்று. அந்நிலத்தை ஊன்றி அறிந்த அறிவு. தொழிலாற் பெற்ற அறிவே இங்கு துப்பறியும் அறிவாகின்றது. ஓய்வுள்ள வர்க்கத்தாரின் பொழுதுபோக்காக இருந்த துப்பறிதலை உழைப்பவர் கைக்கு மாற்றியமை சிறிய மாற்றமன்று.

முதல் நாவலையே நோக்குவோம். ரெக்சாஸ் மாநிலத்தின் குவாடலூப் மலைத் தேசிய பூங்காவிற் காவலர் ஒருவரின் சடலத்தை அனா காண்கின்றார். உடலில் நகக்கீறல்கள் உள்ளன. மலைச் சிங்கம் எனப்படும் பூமாவே கொன்றது என அனைவரும் தீர்மானிக்கின்றனர். அனா ஐயுறுகின்றார். அவருடைய ஐயத்திற்கு அடிப்படை அவ்விலங்கின் இயல்பு பற்றிய அவரது பரிச்சயம். ஈண்டு குற்றஞ்சாட்டப்பட்டிருப்பது வாய்பேச இயலாத உயிர்; அதற்காக வாதாட வழக்கறிஞர் இல்லை. ரெக்சாஸில் பூங்காவின் எல்லைக்கு வெளியே மலைச் சிங்கத்தை வேட்டையாடப் பருவக் கட்டுப்பாடோ எண்ணிக்கைக் கட்டுப்பாடோ கிடையாது என்பதையும் சேர்த்து நோக்கினால், ஒரு பொய்க் குற்றச்சாட்டு எத்துணைப் பாரதூரமானது என்பது புலப்படும். வரைபடத்திலுள்ள ஒரு கோடு வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான கோடாகின்றது.

இந்த இடத்தில் ஓடனின் சூத்திரம் முறிகின்றது. கொலையாளி அகப்பட்டதும் எத்தூய்மை மீள்கின்றது? அழிந்த விலங்கு மீளாது; எரிந்த காடு ஒரு தலைமுறைக்கு மீளாது. அதுமட்டுமன்று, பூங்கா ஒருபோதும் மாசற்ற ஏதேன் தோட்டமாக இருந்ததில்லை. 1916 இல் தேசிய பூங்காச் சேவையை நிறுவிய சட்டம் இரு கடமைகளை ஒருசேர விதித்தது: இயற்கையையும் வனவிலங்குகளையும் பேணுதல், வருங்காலத் தலைமுறைக்குக் குன்றாவண்ணம் மக்களை அவற்றைத் துய்க்கச் செய்தல். பேணலும் துய்த்தலும் எப்போதும் ஒத்துப்போவனவல்ல. 2008 இல் வெளியான ‘விண்ரர் ஸ்ரடி’ நாவல் இம்முரணையே கருவாகக் கொண்டது. ஐல் றோயல் தீவில் ஓநாய்களையும் மூஸ் மான்களையும் பற்றி 1958 தொடக்கம் நடைபெற்றுவரும் ஆய்வு உண்மையானது. அத்தகைய ஆய்வைத் தொடர்வதா, தீவைக் குளிர்காலத்திலும் திறந்துவிடுவதா என்னும் பூசலின் நடுவே நாவலிற் கொலை நிகழ்கின்றது. நிலத்தின் பயன்பாடு பற்றிய பிணக்கு குற்றத்தின் பின்னணியாக நில்லாது அதன் ஊற்றாகவே அமைகின்றது.

மூடிய அறை என்னும் பழைய உத்தியையும் நெவாடா பார் அறவே துறக்கவில்லை, அதனைத் தலைகீழாக்கினார். 1996 இல் வந்த ‘ஃபயர்ஸ்ரோம்’ நாவலில், காட்டுத் தீ தலைக்கு மேலாகப் பாய்ந்து செல்ல, தீயணைப்போர் ஒவ்வொருவரும் தீத்தடுப்புக் கூடாரத்தினுள் தனித்தனியே ஒடுங்கிக் கிடக்கின்றனர். தீ கடந்தபின் அவர்களுள் ஒருவர் கத்தியாற் குத்தப்பட்டு இறந்து கிடக்கின்றார். 1998 இல் வந்த ‘பிளைண்ட் டிசென்ற்’ நாவலோ பொதுமக்களுக்குத் திறக்கப்படாத லெச்சுகியா குகையினுள் நிகழ்கின்றது. அறையை இங்கே கட்டுவது கட்டடக் கலைஞன் அல்லன். நெருப்பும் சுண்ணாம்புப் பாறையுமே கட்டுகின்றன. இதனை வெறும் களமாற்றம் என்பவர் நாவலின் அட்டையை மாத்திரம் வாசித்தவராதல் வேண்டும்.

பெண்ணிலை நோக்கிலும் இந்நாவல்கள் கவனிப்புக்குரியவை. அமெரிக்கப் பூங்காச் சேவையில், 1970களின் பிற்பகுதி வரை பெண் காவலருக்கு ஆண்கள் அணிந்த அதே சீருடை முழுமையாக வழங்கப்படவில்லை என்பது வரலாறு. 2000 இல் வெளியான ‘டீப் சவுத்’ நாவலில் அனா பதவியுயர்வு பெற்று மிசிசிப்பி மாநிலத்திற்குச் செல்கின்றார். பெண்ணொருத்தியின் ஆணைக்குக் கீழ்ப்படிய விரும்பாத ஆண் காவலர்கள் ஒருபுறம். வெள்ளையின வெறிக் குழுவின் முகமூடியை நினைவூட்டும் துணி போர்த்தப்பட்ட இளம்பெண்ணின் சடலம் மறுபுறம். தொழிற்களத்தின் ஆணாதிக்கமும் அந்நிலத்தின் இனவெறி வரலாறும் ஒரே விசாரணையினுள் இணைகின்றன.

இவ்வளவும் கூறியதனால், இந்நாவல்களைக் குறையற்றவையென இக்கட்டுரை கொண்டாடுகின்றது எனக் கருதலாகாது. இவற்றைப் புகழ்வோரிலும் ஒரு சாரார் உளர். “சுற்றாடல் விழிப்புணர்வை ஊட்டுகின்றன” என்ற ஒற்றை வாசகத்துடன் அவர்கள் திருப்தியடைகின்றனர். இதுவும் ஒருவகைத் தட்டிக்கழிப்பே. இந்நாவல்களிடம் கேட்கப்பட வேண்டிய கடினமான வினா வேறொன்று உண்டு: இந்நிலம் யாருடையது?

அமெரிக்கத் தேசிய பூங்காக்கள் ஆளற்ற வெளியிற் பிறந்தவையல்ல. யோசெமிற்றிப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த அவானீச்சி மக்களை 1851 இல் மரிபோசாப் படைப்பிரிவு ஆயுதமேந்தித் துரத்தியது. 1872 இல் உருவான யெல்லோஸ்ரோன் பூங்காவின் நிலம் ஷொஷோனி உள்ளிட்ட மக்கள் வேட்டையாடி வாழ்ந்த நிலம். 1910 இல் கிளேசியர் பூங்காவாக்கப்பட்ட மலைகளின் கிழக்குப் பகுதி 1895 இல் பிளாக்ஃபீற் மக்களிடமிருந்து 15 இலட்சம் டொலருக்குப் பெறப்பட்டது. அங்கு வேட்டையாடவும் மரம் வெட்டவும் தமக்கு எஞ்சியிருந்த உரிமை பறிக்கப்பட்டதென அம்மக்கள் தொடர்ந்து வாதாடி வந்துள்ளனர். யோசெமிற்றியிலும் கிளேசியரிலும் நெவாடா பாரின் கதைகள் நிகழ்ந்துள்ளன. எனினும் மனிதர் இன்றிய காட்டில் அமைதி காணும் அனாவின் உளப்பாங்கு, மனிதர் அங்கே இல்லாதுபோனமைக்குக் காரணம் யாது என்பதை மையப் பொருளாக்குவதில்லை. ஒவ்வொரு நாவலிலும் ஒரு கொலையாளி இனங்காணப்படுகின்றான். பூங்காவையே சாத்தியமாக்கிய பழைய குற்றத்திற்கோ குற்றவாளி தேடப்படுவதில்லை. 1970 இல் வெளிவந்த முதல் நாவல் தொடக்கம் நவாகோ மக்களின் பொலிஸாரைத் துப்பறிவாளராக்கிய ரொனி ஹிலர்மன், வெளியாளாக நின்றே எழுதினாராயினும், அந்நிலத்து மக்களைக் கதையின் நடுவே நிறுத்தினார். இவ்விருவரையும் ஒப்பிட்டு வாசிக்கும்போதே நெவாடா பாரின் பலமும் எல்லையும் தெளிவாகின்றன.

இவ்வினாவை நாம் எழுப்ப முடிந்தமை எதனால்? அந்நாவல்களை வாசித்தமையால். ஒதுக்கியவருக்கு இவ்வினா ஒருபோதும் எழாது. வில்சனின் பெயரைச் சொல்லி நூலைத் திறவாதிருப்பவர், அதன் சாதனையை மட்டுமன்று, அதன் தவற்றையும் காணும் தகுதியை இழந்துவிடுகின்றார். கோடிக்கணக்கானோர் வாசிக்கும் ஓர் இலக்கிய வகை, சட்டம் எதற்காக, நிலம் யாருக்காக, சான்று என்பது யாது என்னும் வினாக்களை மக்கள் மனத்தில் நாள்தோறும் வடிவமைத்து வருகின்றது. அதனைப் பரிசீலிக்காது விடுவது உயர்ந்த இரசனையின் அடையாளமன்று, பொறுப்பைத் துறத்தலாகும்.

பாடத்திட்டத்திலுள்ள காவியங்களை அகற்றிவிட்டுத் துப்பறியும் நாவலைப் புகுத்துக என்று எவரும் கோரவில்லை. நாம் கோருவது ஒன்றே. எந்நூலாயினும் அதன் வகைப்பெயரைக் கொண்டு தீர்ப்பிடற்க, வாசித்துத் தீர்ப்பிடுக. மலைச் சிங்கத்தின்மீது விசாரணையின்றிச் சுமத்தப்பட்ட பழியை ஏற்க மறுத்த காவலரிடமிருந்து விமர்சகர்கள் கற்றுக்கொள்ளத்தக்க பாடம் இதுவே.