திரையில் தெரியும் சுவர்



அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர மதிப்பெண்ணோடு நேர்காணலும் உண்டு. அதற்காக மாணவர்கள் சொந்தச் செலவில் ஊர் ஊராகச் சென்று வந்தனர். 2020-இல் கொரோனா பரவியதும் நேர்காணல் காணொளிக்கு மாறியது. ஏழை மாணவருக்குப் பயணச் செலவு மிச்சமாயிற்று, அது நன்மையே. ஆனால், அவருடைய வீடும் திரையில் தெரிந்தது. ஒருவருக்குப் பின்னால் நூல்கள் அடுக்கிய தனியறை. மற்றொருவருக்கோ தம்பி தங்கையர் உலவும் ஒற்றை அறை, விட்டு விட்டு ஒலிக்கும் குரல்.

தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஓர் அமானிதம். நோயாளியிடம் இரக்கம் காட்டுவாரா, உண்மை பேசுவாரா என்று அறியவே நேர்காணல். சுவரின் வண்ணமும் இணையத்தின் வேகமும் அதற்குச் சாட்சி சொல்லா.

சம்பந்தம் பேசும்போதும், வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் நாம் எதைப் பார்க்கிறோம்? சிந்திப்போமாக! நீதியான பார்வையை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக!