இல்லாமைக்குத் தெண்டம்

2023 சனவரி மாதம். கூட்டம் குறைந்த மதிய நேரம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு தாயும் மகளும். மகள் அரசுக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. தாய்க்குக் கரும்பு வெட்டு, களையெடுப்பு, நூறுநாள் வேலை. பாஸ்புக்கை நீட்டினார்.

"தம்பி, புள்ளைக்கு ஸ்காலர்சிப் வந்திருக்குன்னாங்க. காலேஜ்ல சொன்னது ஒரு தொக. இதுல இருக்கிறது வேற தொக. என்னான்னு பாருங்க."

பார்த்தேன். பணம் வந்து விழுந்த அதே நாளில் 1,257 ரூபாய் போயிருக்கிறது.

"மினிமம் பேலன்ஸ் இல்லன்னு புடிச்சிருக்காங்கக்கா."

"பணமே போடலியே, அப்புறம் எதுல புடிச்சாங்க?"

"பணம் இல்லாததுக்குத்தான் புடிச்சிருக்காங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "இல்லாததுக்குத் தெண்டமா? செருப்புப் போட்டுக்கிட்டு ஊர்த்தெருவுல நடந்தாருன்னு எங்கப்பாவுக்கு ஊர்க்காரங்க தெண்டம் போட்டாங்க. அது மாதிரியா தம்பி?"

அது மாதிரிதான். ஆனால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவனால் அதை அந்த இடத்தில் சொல்ல முடியவில்லை. அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். கல்லூரியில் சேர்ந்த வருசம், 2021 சனவரியில், முகாம் போட்டு 100 ரூபாய் வாங்கிக்கொண்டு திறந்த கணக்கு. வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பு 1,000 ரூபாய் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. இருப்பே வேண்டாத கணக்கு ஒன்று உண்டு என்றும் சொல்லவில்லை. மாதம் 50 ரூபாய் அபராதம், அதன் மேல் 18 சதம் சரக்கு சேவை வரி 9 ரூபாய், ஆக 59. இருபத்து மூன்று மாதத்துக்கு 1,357 ரூபாய். போட்ட நூறை முதல் இரண்டு மாதத்திலேயே தின்றாகிவிட்டது. மீதியை வங்கி நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தது. அரசாங்கம் ஆதிதிராவிட மாணவிக்குக் கொடுத்த பணம் வந்து இறங்கியதும் அள்ளிக்கொண்டது.

ஆயிரம் ரூபாய் இல்லை என்பதற்கு மாதம் 59 ரூபாய் என்றால் வருசத்துக்கு 708. நூற்றுக்கு 70 ரூபாய் 80 காசு. இந்த வட்டிக்கு ஊரில் கடன் கொடுக்கிறவனைக் கந்துவட்டிக்காரன் என்கிறோம், 2003இல் அவனுக்கென்றே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கந்துவட்டிக்காரனாவது கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வட்டி கேட்கிறான். இந்தப் பெண்ணுக்கு யாரும் ஒரு ரூபாய்கூடக் கடன் கொடுக்கவில்லை. வாங்காத கடனுக்கு வட்டி! கொடுக்காத ஓவர்டிராஃப்டுக்கு வசூல்!

ஓவர்டிராஃப்ட் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும் தோழர்களே. கடைவீதியில் நகைக்கடை வைத்திருப்பவரின் கணக்கு பூஜ்ஜியத்துக்குக் கீழே பல லட்சம் போகும். அதற்கு 'வசதி' என்று பெயர். மேலாளர் எழுந்து நின்று காபி சொல்லுவார். சேரிக்காரியின் கணக்கு பூஜ்ஜியத்தில் நின்றால் அது குற்றம். 2014 ஆகஸ்டில் தொடங்கிய சனதன் திட்டத்தில் ஏழைக்கும் ஓவர்டிராஃப்ட் உண்டு என்றார்கள். 5,000 ஆக இருந்ததை 2018இல் 10,000 ஆக்கினார்கள். காகிதத்தில் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். "ஆறு மாசம் கணக்கு ஒழுங்கா நடந்திருக்கணும்", "வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான்", "அப்புறம் வாம்மா". எங்கள் கிளையில் அந்த விண்ணப்பத்தை நான் கையில் எடுத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"பேங்க் என்ன தர்ம சத்திரமா? ஒரு கணக்கு வச்சிருக்கச் செலவு ஆகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. என் பக்கத்து இருக்கையிலேயே இருக்கிறார்கள். ஆகும். ஆனால் யார் யாருக்குச் செலவு செய்கிறார்கள் என்று பார்ப்போம். 2023 ஆகஸ்டில் சனதன் கணக்குகள் 50 கோடியைத் தொட்டன. அவற்றில் கிடந்த பணம் 2 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இது நம் சனங்கள் வங்கிகளுக்குக் கொடுத்து வைத்திருக்கும் கடன். இதை வாங்கித்தான் மேலே இருப்பவனுக்குக் கொடுக்கிறார்கள். அதே 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அரசு தந்த பதிலின்படி, 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் ஏட்டிலிருந்து எடுத்துவிட்ட வாராக்கடன் 14.56 லட்சம் கோடி. அதில் ஏறக்குறையப் பாதி பெருந்தொழில், பெருநிறுவனக் கணக்குகள். ஏட்டிலிருந்து எடுப்பது தள்ளுபடி ஆகாது, வசூல் தொடரும் என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் பாடம் நடத்தினார்கள். சரி, தொடரட்டும். அந்த மாணவியிடம் காட்டிய வேகத்தில் தொடரட்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

மறுபக்கம் பாருங்கள். அதே மாதம் அதே நாடாளுமன்றத்தில் வந்த இன்னொரு கணக்கு: 2018 முதல் பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று 21,000 கோடிக்கு மேல், கூடுதல் ஏடிஎம் பயன்பாட்டுக்கு 8,000 கோடிக்கு மேல், எஸ்எம்எஸ் அனுப்பியதற்கு 6,000 கோடிக்கு மேல் வசூலித்திருக்கின்றன. இருக்கிறவனிடம் இருப்புக் குறைவதில்லை. அப்படியானால் இந்த 21,000 கோடி யாருடைய பணம்? 2017 ஏப்ரலில் ஸ்டேட் வங்கி இந்த அபராதத்தை மறுபடி கொண்டுவந்தபோது எட்டே மாதத்தில் 1,771 கோடி கிடைத்தது. அந்த ஆண்டு சூலை-செப்டம்பர் காலாண்டில் அந்த வங்கியின் நிகர லாபமே 1,581 கோடிதான். எதிர்ப்பு கிளம்பி, 2020 மார்ச்சில் அபராதத்தை எடுத்தார்கள். 2025இல் கனரா, இந்தியன், பஞ்சாப் நேஷனல் உள்ளிட்ட பல பொதுத்துறை வங்கிகளும் கைவிட்டன. நல்லது. பிடித்ததைத் திருப்பித் தந்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. அதே 2025 ஆகஸ்டில் ஒரு பெரிய தனியார் வங்கி நகரக் கிளைகளில் புதுக் கணக்குக்கு 50,000 ரூபாய் இருப்பு வேண்டும் என்றது. கூச்சல் எழுந்ததும் 15,000க்கு இறங்கியது. வாசலில் யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்பதை இப்போது தொகையாக எழுதி வைக்கிறார்கள். பலகையில் சாதிப் பெயர் போட்டால் சட்டம் கேட்கும். 50,000 என்று போட்டால் யார் கேட்பது?

இன்னொரு வேடிக்கை. கடன் வாங்கியவன் ஒப்பந்தத்தை மீறினால் வங்கி போடும் அபராதத்துக்குச் சரக்கு சேவை வரி கிடையாது. 2024 டிசம்பரில் அதற்கான மன்றமே கூடித் தெளிவுபடுத்தியது. கடனே வாங்காமல் சும்மா இருந்தவளின் அபராதத்துக்கு 18 சதம் வரி. அவள் இல்லாமையோடு இருந்தது ஒரு 'சேவை'யாம்.

மேலாளரிடம் போனேன். நல்ல மனிதர்தான். "நான் என்ன பண்றது, சிஸ்டம் எடுக்குது" என்றார். பதினோரு வருசமாய் இந்த வாக்கியத்தைக் கேட்கிறேன். யாரும் எடுக்கவில்லை, சிஸ்டம் எடுக்கிறது. யாரும் ஒதுக்கவில்லை, வழக்கம் ஒதுக்குகிறது. யாரும் எழுதவில்லை, மனுநீதி தானாக இருந்தது. தெண்டம் போட்ட ஊர்ப்பஞ்சாயத்தும் "ஊர்க்கட்டுப்பாடு" என்றுதான் சொன்னது, எந்த நாட்டாமையும் தன் பெயரைச் சொன்னதில்லை. ஆள் தெரியாத அதிகாரமே பார்ப்பனியத்தின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு. கணினி வந்தபிறகு அதற்கு வேலை சுலபமாகிவிட்டது.

ஆனால் சிஸ்டத்துக்கும் விதி இருக்கிறது. 2014 நவம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு போனேன். இருப்புக் குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில்தான் அபராதம். இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக்கூடாது. இது 2015 ஏப்ரலிலிருந்து நடைமுறை. மாணவிக்கு அறிவிப்பு போனதா என்று பார்த்தால், போயிருக்கிறது. முகாமில் படிவம் நிரப்பிய ஏசெண்டின் செல்பேசிக்கு! பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக்கூடாது என்பதற்காகத்தான் கீழே போகவிடாமல் தனியே குறித்து வைத்து, பணம் வந்ததும் எடுத்தார்கள். விதியின் எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டு அதன் கழுத்தை அறுப்பது இப்படித்தான். இடஒதுக்கீட்டில் "தகுதியான ஆள் கிடைக்கவில்லை" என்று எழுதிப் பணியிடத்தைக் காலியாக வைத்தவர்களுக்கு இந்த வித்தை புதிதா என்ன?

2012 ஆகஸ்டு 10 சுற்றறிக்கை இன்னும் முக்கியம். அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று, இருப்பே தேவையில்லை, யார் கேட்டாலும் தர வேண்டும். இருக்கிற சாதாரணக் கணக்கையும் அப்படி மாற்றிக்கொள்ளலாம். இதைச் சொல்ல வேண்டிய இடம் வங்கி, சொல்ல வேண்டிய ஆள் நான். எத்தனை பேருக்குச் சொன்னேன்? 'இலக்கு' என்ற பெயரில் எனக்கும் கழுத்தில் கத்தி இருந்தது என்பது உண்மை. அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. அந்த 23 மாதத்தில் இரண்டு முறை அதே பாஸ்புக்கில் பதிவு போட்டுக் கொடுத்தவன் நான். 59, 59 என்று அச்சான வரிகளை நான் படிக்கவில்லை.

நமது இயக்கங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பஞ்சமி நிலம் என்றால் திரளுகிறோம், வன்கொடுமை என்றால் மறியல் செய்கிறோம். சரியானது. பாஸ்புக் என்றால் 'அது சின்ன விசயம் தோழர்' என்கிறோம். அம்பேத்கர் 1923இல் ரூபாயைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதியவர். இந்திய நாணய முறையை ஆராய வந்த ராயல் கமிஷன் முன்னால் சாட்சியம் சொன்னவர். (ரிசர்வ் வங்கியையே அவர்தான் உருவாக்கினார் என்று சில தோழர்கள் மேடையில் முழங்குகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, அவர் உண்மையில் செய்ததே போதும்.) அயோத்திதாசர் 1907இல் பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பேர் வைத்தார். ஒரு பைசாவைச் சின்னது என்று அவர் நினைக்கவில்லை. கல்லூரி விடுதிகளில் இருக்கும் மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அறைக்கு அறை பாஸ்புக்கைப் புரட்டிப் பார்க்கட்டும். காலனியில் படிப்பகம் இருந்தால் அங்கே நம் அம்மாக்களின் புத்தகங்களைப் பார்க்கட்டும். குறைந்தபட்ச இருப்பு, எஸ்எம்எஸ், குழுக்கடன் தவணை திரும்பியதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு போயிருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போடட்டும். பிறகு கிளைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் சீல் வாங்க வேண்டும். வாயால் சொன்ன புகாருக்கு வங்கியில் மதிப்பில்லை, என்னை நம்புங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். காசு கிடையாது, வக்கீல் வேண்டாம்.

அந்தப் புகாரை நான் எழுதித் தரட்டுமா என்று மாணவியிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள், எதை எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பக்கம் தமிழில் எழுதினாள். 'எனக்கு அறிவிப்பு அனுப்பியதற்கான சான்றைக் காட்டவும்' என்ற வரியின் கீழே கோடு போட்டிருந்தாள். மேலாளர் படித்துவிட்டு, "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று என்னைப் பார்த்தார். நான் நோட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

27ஆம் நாள் 1,150 ரூபாய் வரவு வந்தது. அபராதத்தை மட்டும் திருப்பியிருந்தார்கள். வரி 207 ரூபாய் அரசாங்கத்துக்குப் போய்விட்டது, அது வராது என்றார்கள். அந்தம்மா, "வந்தது வரைக்கும் போதும், வா" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

மகள் மறுபடி அதே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "சார், ஒரு வெள்ளைத்தாள் குடுங்க."