பாதியில் நிற்கும் டவுன்லோட்

சென்ற இதழில் குடிநீர் ஃபில்டர் பராமரிப்பு பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுச் சகோதரிகள் சிலர், "தண்ணீர் விஷயம் சரி, எங்கள் வீட்டு இன்டர்நெட்டும் அதே மாதிரி சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்களேன்" என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பாடம் பாதியில் நிற்கிறது, ஸ்கேன் ரிப்போர்ட் இறங்கவில்லை, பரீட்சை ஹால் டிக்கெட் தொண்ணூறு சதவீதத்தில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான்.

இதற்கு வழக்கமாக மூன்று பதில்கள் உண்டு. "சாயங்காலம் அவர் வரட்டும்" என்பது ஒன்று. "கம்பெனிக்காரன் ஏமாத்தறான்" என்பது இரண்டு. "பெரிய பிளானா போட்டுடலாம்" என்பது மூன்று. மூன்றாவது பதிலுக்கு மாதாமாதம் பணம் போகும். குறை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பிளானை மாற்றுவது, குழாய் முனையில் தூசி அடைத்திருக்க, மாடியில் பெரிய தொட்டி கட்டுவது போலத்தான்.

குழாயில் தண்ணீர் சன்னமாக வந்தால் நாம் என்ன செய்கிறோம்? தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா, எந்தக் குழாயில் மட்டும் குறைகிறது என்று வரிசையாகப் பார்க்கிறோம். இதற்கும் அதே வரிசைதான். பகலெல்லாம் வீட்டில் இருக்கும் நமக்குத்தான் இந்தச் சோதனை சுலபம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

பிளானில் 50 எம்.பி.பி.எஸ். என்று போட்டிருப்பார்கள். (டாக்டர் படிப்பு மாதிரி காதில் விழும்!) அது மெகாபிட் கணக்கு. டவுன்லோட் ஆகும்போது திரையில் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 50 என்ற பிளானில் வினாடிக்கு 6 மெகாபைட்டுக்குச் சற்று அதிகம்தான் வர முடியும். அந்தக் கணக்குப்படி ஒரு ஜி.பி. அளவுள்ள ஃபைல் இறங்க மூன்று நிமிஷம் போல ஆகும். திரையில் 5, 6 என்று காட்டினால் யாரும் நம்மை ஏமாற்றவில்லை.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பல பிளான்களில் மாதத்துக்கு இவ்வளவு ஜி.பி. என்று ஓர் உச்ச அளவு இருக்கும். அதைத் தாண்டினால் இணைப்பு அறுந்துபோகாது, வேகத்தை மட்டும் குறைத்துவிடுவார்கள். மாதக் கடைசியில் மட்டும் நெட் படுத்துக்கொள்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்

இதுதான் முக்கியமான சோதனை. செல்போனிலோ லேப்டாப்பிலோ ஃபாஸ்ட் டாட் காம் என்று போட்டால் அதுவே வேகத்தை அளந்து சொல்லும். நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் மைஸ்பீட் என்று ஓர் ஆப் வைத்திருக்கிறது. அளக்கும்போது வீட்டில் வேறு யாரும் படம் பார்க்காமல், டவுன்லோட் செய்யாமல் இருக்க வேண்டும்.

முதல் அளவு: லேப்டாப்பை ரௌட்டரோடு ஒயர் போட்டு இணைத்து.
இரண்டாவது: ஒயரை எடுத்துவிட்டு, ரௌட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து வைஃபையில்.
மூன்றாவது: எந்த அறையில் தொல்லையோ, அந்த அறையில்.

லேப்டாப் இல்லாதவர்கள் கடைசி இரண்டை மட்டும் செல்போனில் பார்த்தால் போதும்.

எங்கள் வீடு கும்பகோணத்துப் பழைய வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். சுவரெல்லாம் ஒன்றரை முழக் கனம். ஃபைபர் ஒயர் வாசல் வழியாக உள்ளே வருவதால் ரௌட்டரை ரேழியிலேயே மாட்டிவிட்டுப் போனார்கள். பெண் படிப்பதோ அடுக்களைக்குப் பக்கத்து அறையில். ஒயரில் 48 வந்தது. ரௌட்டர் பக்கத்தில் 44. அவள் அறையில் 6! ஆக, கம்பெனி கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது. வாசலில் வந்த பால் அடுக்களைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இந்த வீட்டில் 200 பிளான் போட்டிருந்தாலும் கொல்லைப்பக்க அறையில் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது.

வைஃபைக்குப் பிடிக்காதவை

இரும்பு பீரோவுக்குப் பின்னால், டி.வி. ஸ்டாண்டுக்கு உள்ளே, தரையில், மீன் தொட்டிக்கு அருகில் ரௌட்டரை வைக்காதீர்கள். இரும்பும் தண்ணீரும் அலையைத் தடுக்கும். ஆள் உயரத்தில், திறந்த இடத்தில், முடிந்தவரை வீட்டின் நடுவில் இருக்கட்டும். அழகாக இருக்கட்டும் என்று மேலே துணி போட்டு மூடாதீர்கள். சூடானால் அது திணறும்.

இப்போது வரும் ரௌட்டர்கள் பெரும்பாலும் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசையில் வேலை செய்கின்றன. 2.4 தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும், ஆனால் வேகம் குறைவு. அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதிலேயே முட்டி மோதும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசைதான். தோசையைச் சூடுபண்ணும்போது பாட்டு நின்று நின்று வருகிறதே என்றால் காரணம் அதுவே. 5 வேகமானது, கூட்டமும் குறைவு, ஆனால் கனத்த சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ரௌட்டர் இருக்கும் அறையில் 5, தூரத்து அறைக்கு 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு போல நீள வீடாக இருந்தால், நல்ல வழி ஒயரை இழுத்து நடுக்கூடத்தில் இரண்டாவது ரௌட்டர் வைப்பது. ஒரு தடவைச் செலவு. பெரிய பிளான் என்றால் மாதாமாதச் செலவு. ஒயர் வாங்கும்போது ஒரு வார்த்தை: அதற்குள் எட்டு இழைகள் இருக்கும். 100க்கு மேற்பட்ட பிளானுக்கு எட்டும் சரியாக இருக்க வேண்டும். எலி கடித்தோ, கதவிடுக்கில் நசுங்கியோ இழை அறுந்தால், வேகம் 100க்குக் கீழேயே நின்றுவிடும். இணைப்பு முழுக்க அறுந்துபோகாததால் யாருக்கும் சந்தேகமே வராது.

எதிர்வீட்டு அக்கா பட்ட பாடு

எதிர்வீட்டு அக்கா வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இன்டர்நெட் மூலம் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைகள் பாடிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். இவர் இறக்கிக் கேட்டு, அன்று மாலையே திருத்தி அனுப்ப வேண்டும். வீட்டுச் செலவில் பாதி அந்த வருமானத்தில்தான் ஓடுகிறது. "பாரும்மா, ஏழு மணியானா ஒண்ணுமே இறங்க மாட்டேங்குது. பதில் லேட்டாகுதுன்னு ரெண்டு பொண்ணுங்க நின்னுட்டாங்க. மாசம் முந்நூறு ரூபா கூடக் குடுத்துப் பெரிய பிளான் போடப்போறேன்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கக்கா, பார்த்துட்டுப் போடலாம்" என்று நோட்டும் கையுமாகப் போனேன். அவருடையது சின்ன வீடு, ஒரே கூடம். ஒயரிலும் வைஃபையிலும் பகலில் நல்ல வேகம். ஏழு மணிக்கு மட்டும் ஏன் என்று பார்த்தால், அந்த நேரத்தில்தான் தன்னுடைய அரைமணிப் பாட வீடியோவை மேலே ஏற்றுகிறார். அவருடைய பிளானில் இறங்க 50, ஏற 5 மட்டும். பையனுடைய செல்போனும் கல்லூரியிலிருந்து வந்து வைஃபையைப் பிடித்ததும், அன்றைய போட்டோவையெல்லாம் தானாகவே ஏற்ற ஆரம்பித்துவிடுகிறது.

ஏற்றினால் இறங்குவது ஏன் நிற்க வேண்டும் என்கிறீர்களா? ஃபைல் என்பது மொத்தமாக வருவதில்லை, சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. வந்து சேர்ந்த பொட்டலங்களுக்கு நம் கருவி "வந்தது" என்று ரசீது அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ரசீது போவதும் அதே ஏறுவழியில்தான். வழியில் வீடியோவும் போட்டோவும் அடைத்துக்கொண்டு நின்றால் ரசீது வரிசையில் காத்திருக்கும். ரசீது வராத வரை, அனுப்புகிற பக்கம் கையைச் சுருக்கிக்கொள்ளும். டவுன்லோட் நிற்கும்.

வீடியோ ஏற்றுவதைப் படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றினார். பையன் போனில் போட்டோ தானாக ஏறுவதை நிறுத்தினார்கள். அன்று மாலையே பாட்டெல்லாம் மடமடவென்று இறங்கியது. பிளானை மாற்றவில்லை. வருஷத்துக்கு 3,600 ரூபாய் மிச்சம். நின்றுபோன இரண்டு பெண்களில் ஒருத்தி திரும்ப வந்துவிட்டாள். மற்றவள் வரவில்லை. அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மாதம் முன்னால் பார்த்திருந்தால் அந்தப் பெண்ணும் இருந்திருப்பாள்.

கருவியையும் பாருங்கள்

எல்லாக் கருவியிலும் வேகம் நன்றாக இருந்து, ஒரு செல்போனில் மட்டும் டவுன்லோட் நின்றால், போனில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப் வீடியோக்களால் இடம் நிரம்பியிருந்தால் எந்த ஃபைலும் முழுதாக இறங்காது. ஒரே ஒரு தளத்தில் மட்டும் தொல்லை, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் குறை அந்தப் பக்கத்தில். பரீட்சை முடிவு வரும் அன்று எல்லோரும் ஒரே வாசலில் முண்டுவார்கள். இரவு பத்து மணிக்கு மேலோ விடியற்காலையிலோ முயற்சி செய்யுங்கள்.

ரௌட்டரை அணைத்து அரை நிமிஷம் கழித்துப் போடுவது நல்ல வைத்தியம்தான். ஆனால் தினமும் அப்படிச் செய்தால்தான் ஓடும் என்றால் அது வைத்தியம் அல்ல, வியாதியின் அடையாளம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பின்பக்கம் ஊசித் துளைக்குள் இருக்கும் ரீசெட் பட்டனைக் குத்தாதீர்கள். கம்பெனிக்காரர் போட்டுவைத்த விவரமெல்லாம் அழிந்து, மெதுவாக வந்ததும் வராமல் போகும்.

ஒயரிலேயே வேகம் இல்லையென்றால்

அப்போது குறை நம் வீட்டு வைஃபையில் இல்லை. ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஃபைபர் ஒயர் கண்ணாடி இழை. அதை ஆணியில் மடித்து மாட்டினாலோ பீரோவால் நசுக்கினாலோ வெளிச்சம் கசிந்துவிடும். கழன்ற முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக்கூடாது. குழந்தைகளையும் விடாதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

பகலில் வேகம், இரவு எட்டிலிருந்து பத்து வரை மந்தம் என்றால், தெருவே ஒரே வழியைப் பங்குபோட்டுக்கொள்கிறது. பல ஊர்களில் ஒரே ஃபைபர் இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். இதை நாம் சரிசெய்ய முடியாது, கேட்கத்தான் முடியும். கேட்பதற்குக் கையில் கணக்கு வேண்டும். மூன்று நாள், காலை, மதியம், இரவு, ஒயரில் அளந்த வேகத்தைப் பால் கணக்கு மாதிரி நோட்டில் எழுதுங்கள். "நெட் ஸ்லோவா இருக்கு" என்றால், "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்று வைத்துவிடுவார்கள். "50 பிளான், ஒயரில் அளந்தது, மூன்று நாளும் இரவில் 7தான்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே மாறும்.

புகார் செய்ததும் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். திருப்தி இல்லையென்றால், அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் போகலாம் என்று டிராயின் 2012ஆம் வருஷத்து விதி சொல்கிறது. தொலைத்தொடர்புச் சேவைக் குறைக்கு நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம் என்று 2022இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

வரிசையை மட்டும் மறக்காதீர்கள்: பிளான் கணக்கு, ஒயர், வைஃபை, ஏறுவழி, கருவி, கடைசியில் கம்பெனி. இந்தப் பக்கத்தைக் கத்தரித்து ரௌட்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வீட்டுக்காரர் சாயங்காலம் வரும்போது, "நெட் வரலே" என்பதற்குப் பதில் "இங்கேதான் குறை" என்று நாம் சொல்லலாம்.

அடுத்த இதழில், கேஸ் அடுப்பு மஞ்சளாக எரிந்தால் என்ன செய்வது என்று பார்ப்போம்.