பழைய ஆயிலைக் கொட்டுவதற்கு முன்

விருதுநகர்க்காரனுக்கு எண்ணெய் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டாம். விரலில் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்துத்தான் நல்லெண்ணெய் வாங்குவோம். ஆனால் காரிலிருந்து இறக்கும் பழைய ஆயிலை நம்மில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன மாதம் வரை நானும் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் திருநெல்வேலிக்கு, மகள் வீட்டுக்குப் புறப்பட வேண்டும். அதற்கு முன் ஆயில் மாற்றிவிடலாம் என்று வழக்கமான பட்டறைக்குப் போனேன். டீசல் கார், 1,20,000 கிலோமீட்டர் ஓடியது. வண்டிக்கு அடியில் படுத்திருந்த பையன் போல்ட்டைக் கழற்றினான். ஆயில் வடிந்து முடியும்போது தட்டில் ஏதோ விழுந்தது. விரல் நகம் அளவு, பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துண்டு.

"அண்ணே, இது என்னன்னு பாருங்க" என்று முதலாளியிடம் காட்டினான்.

"ஏதாவது குப்பையா இருக்கும்டா. போல்ட்டைப் போட்டுப் புது ஆயில ஊத்து. அண்ணாச்சி காத்துக்கிட்டு இருக்காக."

எனக்கும் அவசரம்தான். சரி என்றிருப்பேன். ஆனால் பையன் விடவில்லை. "இன்ஜினுக்குள்ள குப்பை எப்படிண்ணே போகும்?" என்றான்.

இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்காகத்தான். இன்ஜின் மூடிய பெட்டி. அதிலிருந்து ஒரு துண்டு விழுந்தால், உள்ளே ஏதோ ஒன்றில் அந்தத் துண்டு குறைகிறது என்று அர்த்தம். எதில் என்று தெரியாமல் புது ஆயில் ஊற்றுவது, ரத்தம் வருகிற இடம் தெரியாமல் சட்டையை மாற்றுவது போலத்தான்.

காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்தோம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியின் நுனி முழுசாக இருந்தது. ஆயில் ஊற்றும் மூடியிலும் உடைவு இல்லை. பழைய ஃபில்டரையும் எடுத்துப் பார்த்தோம், அதுவும் சரியாகவே இருந்தது. பிறகு துண்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தோம். ஒரு பக்கத்தில் இரண்டு கோடுகள் வழவழப்பாகத் தேய்ந்திருந்தன. பார்த்ததும் முதலாளியின் முகம் மாறியது. "செயின் ஓடுன தடம் அண்ணாச்சி. டைமிங் செயின் கைடு உடைஞ்சிருக்கு" என்றார்.

இன்ஜினின் கீழே சுழலும் கிராங்கையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டையும் ஒரு செயின் இணைக்கிறது. அது ஆடாமல் ஓடுவதற்குப் பக்கவாட்டில் பிளாஸ்டிக் முகம் வைத்த பட்டைகள் உண்டு. அவைதான் கைடு. செயின் தொய்யாமல் பிடித்திருப்பது டென்ஷனர். பல வண்டிகளில் அது ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ஆயில் கெட்டுப்போனால் டென்ஷனரின் பிடி தளரும். செயின் ஆடி ஆடிக் கைடில் அடிக்கும். பல வருடச் சூட்டில் விறைத்துப்போன பிளாஸ்டிக் ஒருநாள் உடையும்.

சம்ப்பைக் கழற்றியதும் இன்னும் மூன்று துண்டுகள் கிடைத்தன. ஒன்று, பம்ப் ஆயில் இழுக்கும் வலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வலை அடைத்திருந்தால் பேரிங்குகளுக்கு ஆயில் கிடைத்திருக்காது. செயின் பல் தாண்டியிருந்தால் பிஸ்டனும் வால்வும் மோதியிருக்கும். கைடு, டென்ஷனர், செயின் மூன்றையும் மாற்றக் கூலியோடு 22 ஆயிரம் ஆனது. நான்கு நாள் வண்டி இல்லை. திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போனோம். கோவில்பட்டி தாண்டி நாலுவழிச் சாலையில், லாரிகளுக்கு நடுவே இன்ஜின் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வழியெல்லாம் என் மனைவி கேட்டுக்கொண்டே வந்தாள்.

தப்பு என்னிடமும் உண்டு. மூன்று மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நொடி 'கறகற' என்று சத்தம் வந்தது. டீசல் வண்டி அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். 10,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ஆயிலை 15,000 வரை இழுத்ததும் நான்தான்.

இது சின்ன வண்டிகளுக்கு மட்டும் வரும் வியாதியும் அல்ல. பி.எம்.டபிள்யூ.வின் என்20 இன்ஜினில் இதே பிளாஸ்டிக் கைடுகள் உடைவதாக அமெரிக்காவில் வழக்கே நடந்தது. ரயில்வேயின் டீசல் ஷெட்களில் ஆயிலை எடுத்து அதில் என்னென்ன உலோகம் கலந்திருக்கிறது என்று சோதிப்பார்கள். எந்தப் பாகம் தேய்கிறது என்பது இன்ஜினைப் பிரிக்காமலே தெரிந்துவிடும். ஹெலிகாப்டர்களின் ஆயில் பாதையில் காந்தம் வைத்த அடைப்பான் இருக்கும். அதில் உலோகத் துணுக்கு ஒட்டினால் விமானிக்கு முன்னால் விளக்கு எரியும். நாமோ அதே ஆயிலைப் பார்க்காமலே டின்னில் ஊற்றுகிறோம்.

"துண்டைக் காட்டி ஒர்க்ஷாப்காரன் பெரிய செலவு இழுத்துவிடுவானே" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான பயம்தான். அதனால்தான் சொல்கிறேன், பக்கத்தில் நில்லுங்கள். டீசல் வண்டி ஆயில் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது கரிதான். பால் கலந்த காப்பி போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. செம்பு நிறத்தில் மினுமினுத்தால் பேரிங் தேய்கிறது. இரும்புத் தூளா என்று பார்க்க ஒரு காந்தம் போதும். துண்டு கிடைத்தால், அது உடைந்த பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டையும் பொருத்திப் பாருங்கள். பொருந்திய பிறகு பணம் கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டாசு ஊர்ப் பக்கம் வாழ்கிற நமக்கு, முன்கூட்டி வந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி வெடிவிபத்தில் 38 பேர் செத்தார்கள். ஆய்வில் விதிமீறல் தெரிந்து உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட பிறகும் அங்கே வேலை நடந்தது என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. கார் இன்ஜினையும் அந்த உயிர்களையும் நான் சமமாக வைக்கவில்லை. ஆனால் தவறு தெரிந்த பிறகும் "ஓடட்டும், பார்த்துக்கலாம்" என்கிற புத்தி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதைத் தடுப்பவர் பெரும்பாலும் பெரிய அதிகாரியாக இருக்க மாட்டார். பக்கத்தில் நின்று, "இது என்ன?" என்று கேட்கிற ஒரு கூலியாளாகத்தான் இருப்பார். அவரை "சும்மா இருடா" என்று அடக்குவதுதான் நம் பழக்கம்.

வண்டியை எடுக்கப் போன அன்று பையன் கையில் 500 ரூபாய் கொடுத்தேன். முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினான். "வாங்கிக்கடா, அண்ணாச்சி இன்ஜினக் காப்பாத்துனது நீதான்" என்று அவர் சொன்ன பிறகுதான் வாங்கினான். அந்தப் பேச்சு அவனுக்கு 500 ரூபாயை விடப் பெரிதாக இருந்திருக்கும். அடுத்த முறையும் ஏதாவது விழுந்தால் கண்டிப்பாக வாயைத் திறந்து சொல்வான்.