பிக்கப் வாங்கும் முன் பற்றுக்கோலை எடுங்கள்

மாணவர்களே, ஜொகூர் பாருவில் மலிவாக வாங்கிய மின்கிட்டார் இரைகிறதா? புதிய பிக்கப்புக்காக உடனே அப்பாவிடம் பணம் கேட்காதீர்கள்.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்றுச் செப்புக் கம்பியும்தான். எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இது. அதே சுருள் நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலையும் பிடித்துக்கொள்கிறது. 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர், காந்தமும் சுற்றும் எதிரெதிரான இரு சுருள்களை இணைத்து அதை அடக்கினார்.

தந்தியைத் தொட்டதும் இரைச்சல் கூடுகிறதா? பிரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பி அறுந்திருக்கலாம். கேபிளைக் கழற்றிவிட்டு அதை ஈயத்தால் பற்றவையுங்கள். உட்குழியில் செப்புத்தாள் ஒட்டி, அதையும் எர்த்தோடு இணையுங்கள். செலவு சொற்பம், பலன், என் கணக்கில், புதுப் பிக்கப்பைவிடப் பெரிது.

நம் ஈரக்காற்றில் பிரிட்ஜ் துருப்பிடித்திருந்தால் மாற்றலாம், திருகுகளின் இடைவெளியை அளந்த பிறகு. பிக்கப் கடைசி. அதற்கும் முன் அதன் திருகைத் திருப்பித் தந்திக்குச் சற்று அருகே உயர்த்துங்கள். ஒலி கூடும்.